விரல் நுழையாத குழாய்

"கையெழுத்துப் போட அரை நிமிஷம் ஆகுமா, திஜானி? பேனாவைத் தூக்கவே இவ்வளவு யோசனையா?"

ஸி ரவூப், அதாவது ரவூப் ஐயா, காகிதத்தை மேஜையின் இந்தப் பக்கம் தள்ளினார். ஏசி ஓடிக்கொண்டிருந்த அறை. வெளியே கொர்பா ஊரே ஜூலை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. ஆலையின் வாசலில் தொடங்கிய டிராக்டர் வரிசை கடற்கரைச் சாலை திரும்பும் இடம் வரைக்கும் நின்றது. ஒவ்வொரு டிராக்டருக்குப் பின்னாலும் ஒரு டிரெய்லர், ஒவ்வொரு டிரெய்லரிலும் நாலு டன் தக்காளி.

திஜானி காகிதத்தை எடுத்து மெதுவாகப் படித்தான். இந்த வாரம் வந்த தக்காளிக் கூழ் பழுப்பு நிறம் அடித்ததற்குக் காரணம், அளவுக்கு மீறிப் பழுத்து அழுகத் தொடங்கிய பழம். அதிலும் குறிப்பாக ஸுவய்னா பக்கத்து வயல்களின் பழம். ஆகவே எடையில் நூற்றுக்கு முப்பது கழிவு. மிக மோசமான லோடுகள் திருப்பி அனுப்பப்படும். கீழே, 'கொப்பரைப் பொறுப்பாளர்' என்று அச்சடித்து, அவன் பெயருக்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தார்கள்.

ஸுவய்னா திஜானி பிறந்த ஊர். அவன் அண்ணன் பல்காசிமுக்கு அங்கேதான் மூன்று ஹெக்டேர்.

"பழம் அப்படி ஒண்ணும் மோசமில்லையே, ஸி ரவூப்."

"பின்னே கூழ் ஏன் கருக்குது? நீ தீய விட்டுட்டியா? அப்படின்னா அதையே எழுதிக்கலாம். எனக்கென்ன?" ரவூப் சிரித்தார். உற்பத்தி இயக்குநராக வந்து மூன்றாவது பருவம். சட்டையில் இதுவரை ஒரு சொட்டு தக்காளி பட்டதில்லை. "பழம் இல்லேன்னா நீ. ரெண்டுல எது வேணும் சொல்லு."

"நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்குப் பத்து மணி. முதலாளி தூனிஸ்லேர்ந்து போன் பண்ணுவாரு. அதுக்குள்ள என் மேஜைல இருக்கணும்."

ரவூப் சொன்ன இரண்டில் எதுவும் உண்மையில்லை என்பது திஜானிக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

கொப்பரை என்று ஆலையில் எல்லோரும் சொல்வது மூன்று மாடி உயரமுள்ள எஃகுக் கலம். அதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் தக்காளிச் சாறு குறைந்த சூட்டிலேயே கொதித்து வற்றும், நிறம் கெடாது. கிளம்புகிற ஆவியைக் குளிர வைத்துத் தண்ணீராக்குவது பக்கத்தில் படுத்திருக்கும் கண்டென்சர். பெரிய இரும்பு உருளை, உள்ளே இருநூற்று நாற்பது குழாய்கள். குழாய்களுக்குள் கிணற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரின் உப்பு உள்சுவரில் காரையாகப் பிடித்துவிட்டால் ஆவி குளிராது. வேக்குவம், அதாவது காற்றில்லா நிலை, விழும். கொப்பரை சூடேறும். சாறு வேகாமல் தீயும். அவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள என்ஜினியர் படிப்பு வேண்டாம்.

வருஷா வருஷம் ஜூன் கடைசியில், முதல் பழம் வருவதற்கு முன்னால், கண்டென்சரின் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, இரண்டு நாள் அமிலம் சுற்றவிட்டு, ஒவ்வொரு குழாயாகக் கம்பி விட்டுக் குத்திக் கழுவுவார்கள். இந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டது, பழமும் முந்திக்கொண்டது. "அமில பீப்பாய் இன்னும் வரலை. பருவம் முடியட்டும், கழுவிக்கலாம். ரெண்டு மாசத்துல குழாய் செத்தா போயிடும்?" என்றார் ரவூப். பீப்பாய்க்கு ஆர்டரே போகவில்லை என்று கிடங்குக்காரன் பிறகு சொன்னான்.

போன வருஷம் வரை ஓடிய பழைய கிணறு இருந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கும். அதில் கடல் ஏறிவிட்டது. இந்தக் கரை முழுக்க அதுதான் கதை. எல்லோரும் உறிஞ்சிக் குடித்ததில் கிணறுகளுக்குள் உப்பு நுழைந்துவிட்டது. ஆலை புதிதாகத் தோண்டிய ஆழ்குழாய்க் கிணற்றின் தண்ணீரோ ஒரு டம்ளர் பிடித்து வைத்தாலே அடியில் வெள்ளை தட்டும்.

இதெல்லாம் ரவூப் செய்த பாவம். திஜானி செய்ததும் ஒன்று உண்டு. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

*

ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே பல்காசிமின் குரல் கேட்டது.

"வாடா, கொப்பரை ராஜா! உன் வாசல்ல ரெண்டு நாளா பிச்சைக்காரன் மாதிரி நிக்கிறேன், ஒரு தடவ எட்டிப் பாத்தியா?"

பல்காசிம் கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வைக்கோல் தொப்பி மடியில். கழுத்துப் பிடரி வெயிலில் வெந்து செம்பாய்ச் சிவந்திருந்தது. டிரெய்லரை, வரிசையில் பின்னால் நின்ற ஊர்க்காரன் முன்ஸிஃபிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு வாய் சாப்பிட வந்திருக்கிறான்.

மனூபியா சுட்ட மிளகாயையும் தக்காளியையும் அரைத்த சலாட்டாவின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றி, டூனா மீனைப் பிய்த்துப் போட்டு, தபூனா ரொட்டியோடு நடுவில் வைத்தாள். அவளும் ஆலையில்தான் வேலை. பெல்ட்டில் ஓடிவரும் தக்காளியில் அழுகலைப் பொறுக்கி எறியும் முப்பது பெண்களில் ஒருத்தி. அவள் விரல் நுனிகள் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை சிவந்தே இருக்கும்.

"பிஸ்மில்லாஹ். தின்னுங்க அண்ணே. பாவம், முகமே சுருங்கிப் போச்சு."

"என் முகம் கெடக்கட்டும் மனூபியா. என் பழம் சுருங்குது. அதான் பயமா இருக்கு." பல்காசிம் ரொட்டியைப் பிய்த்தான். "இன்னைக்குக் காலையில எடைமேடைப் பக்கத்துலேர்ந்து ஒருத்தன் வந்தான். சின்ன வாளியில நாலு பழம் எடுத்தான். மோந்து பாத்தான். மூக்கைப் பொத்துனான் பாரு! என்னமோ செத்த எலியை எடுத்துட்டு வந்த மாதிரி. 'அண்ணே, முப்பது கழிவு'ன்னான். ஏன்டான்னேன். 'நெறம் சரியில்ல'ங்கிறான். எதோட நெறம்? என் பழத்தோட நெறமா, உங்க கூழோட நெறமாடான்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"அவன் என்ன சொல்வான், சம்பளக்காரப் பய. 'மேல கேளுங்க'ன்னான். மேலன்னா எங்க? அல்லாகிட்டயா, ரவூப்கிட்டயா?"

மனூபியா சிரித்தாள். திஜானி சிரிக்கவில்லை. தட்டில் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"முன்ஸிஃபோட மாமனாரைத் திருப்பி அனுப்பிட்டாங்க, தெரியுமா?" என்றான் பல்காசிம். "முழு லோடு. நாலு டன். மூணு நாள் நின்ன பழம், அப்புறம் எங்க கொண்டுபோவாரு? வாதியில கொட்டிட்டாரு. வறண்ட ஆத்துல செவப்பா கெடக்கு, ஆடு கூட ஓரமா ஒதுங்கிப் போகுது. கெழவரு ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்க மாட்டேங்குறாரு. அழுகின பழத்தை ஏத்தினவன்னு பேரு வந்துடுச்சே. நாப்பது வருஷம் தக்காளி போட்ட மனுஷன்டா."

"நல்ல பழம் அண்ணே அது," என்றாள் மனூபியா. "அவரோட போன லோடு என் கையிலதானே ஓடுச்சு. நூறு பழத்துக்கு மூணு கூட எறியலை நாங்க."

"அப்போ உள்ள என்னதான் நடக்குது?" பல்காசிம் தம்பியைப் பார்த்தான். "நீ சொல்லுடா. பன்னெண்டு வருஷமா அந்தக் கொப்பரை உன் கையில. ஊர்ல எல்லாரும் என்னைத்தான் கேக்குறான், 'உன் தம்பி என்ன சொல்றான்'னு."

"பாத்துக்கிட்டிருக்கோம் அண்ணே. கொஞ்சம் சூடு ஏறுது. சரியாயிடும்."

"சூடு ஏறுதா? எங்களுக்கா, கொப்பரைக்கா?"

"சரியாயிடும்னேன்ல!"

 பல்காசிம் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தான். "சரி. நீ சொன்னா சரி. நான் போறேன், முன்ஸிஃப் பய தூங்கிட்டான்னா முன்னாடி வண்டி நகரும்போது நம்ம எடத்துல எவனாவது பூந்துடுவான்."

வாசல் சாத்திய சத்தம் அடங்குவதற்குள் மனூபியா ஆரம்பித்தாள்.

"ஏ மனுஷா. உன் சட்டைப் பையில என்ன காயிதம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத காயிதத்தையா சாப்பிடுறப்போ ரெண்டு தடவ தொட்டுப் பாத்தே? கொடு இங்க."

அவள் படித்தாள். உதடு அசைந்து அசைந்து மெல்லப் படித்தாள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழுகத் தொடங்கிய பழம்னா... அப்போ பெல்ட்ல நின்னு அழுகலைப் பொறுக்குற நாங்க என்ன, கண்ணு பொட்டையா? முப்பது பேரும் சும்மா நின்னோமா? இடுப்பொடிய எட்டு மணி நேரம் நின்னது பொய்யா?"

"உங்களைச் சொல்லலை."

"எங்களைத்தான் சொல்றான்! எங்களை, உங்க அண்ணனை, கெழவரை, எல்லாரையும். அவன் ஒருத்தனைத் தவிர. நீ போடப் போறியா கையெழுத்து?"

"போடலைன்னா நான் தீய விட்டேன்னு எழுதுவான். வேலை போகும்."

"நீ தீய விட்டியா?"

 மனூபியா தட்டுகளை எடுக்காமல் அப்படியே அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். இனி வாய் திறக்காமல் தப்ப முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"கண்டென்சர்லேர்ந்து தண்ணி வெளிய போற குழாய் இருக்குல்ல," என்று ஆரம்பித்தான். "எப்பவும் அதுல கை வைக்க முடியாது, சுடும். ஆவியோட சூட்டையெல்லாம் தண்ணி வாங்கிட்டுப் போகுதுன்னு அர்த்தம். போன வாரத்துக்கு முன்னாடி ஒரு நாள் கை வச்சேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. வச்ச கையை எடுக்கவே தோணலை. அப்பவே தெரிஞ்சுபோச்சு, உள்ள காரை பிடிச்சிருக்குன்னு."

"நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"புதுக் கிணத்து வால்வை முழுசாத் திறந்து விட்டேன். தண்ணி கூட ஓடினா சமாளிக்கும்னு. ரெண்டு நாள் வேக்குவம் முள்ளு ஏறி நின்னுச்சு. அப்புறம் முன்னைவிட மோசமா விழுந்துச்சு. அந்தத் தண்ணிதான் உப்பே. நானே இன்னும் கொஞ்சம் காரையை ஊத்திக் கொடுத்திருக்கேன்."

"ஏன் மனுஷா? ஏன் அப்படிப் பண்ணே?"

அதற்கு அவனிடம் இருந்த பதிலை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கொப்பரை ஹாலின் சுவரில் ஒரு கரும்பலகை. 'நிற்காமல் ஓடிய நாட்கள்' என்று தலைப்பு. பருவம் தொடங்கிய நாளிலிருந்து தினமும் காலையில் எண்ணை அழித்து ஒன்று கூட்டி எழுதுவது திஜானி. பன்னிரண்டு பருவமாக நடுவில் ஒரு நாள்கூட அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பியதில்லை. இந்தக் கரையில் இருபது ஆலை இருக்கிறது, அப்படிச் சொல்லிக்கொள்ள வேறு ஒருத்தனும் கிடையாது. காபிக் கடையில் அவன் உள்ளே நுழைந்தால், 'நிக்காதவன் வந்துட்டான், நாற்காலி போடு' என்பார்கள்.

"நிறுத்தினதே இல்லையே, மனூபியா," என்றான் கடைசியில்.

அவள் அந்தக் காகிதத்தை மடித்து அவன் மடியில் வைத்தாள்.

"பலகையில நம்பர் எழுதறதுக்கு ஊர்க்காரன் பழத்தைத் தீய்ச்சிருக்கே. நல்லா இருக்கு. ரவூப் ஏசி ரூம்ல உக்காந்து பண்றான், நீ வேர்வையில நின்னு பண்றே. அவ்வளவுதான் வித்தியாசம்."

*

மறுநாள் காலை ஆறு மணிக்கே கூழ் கருத்து வந்தது. மாதிரிக் கரண்டியில் எடுத்து வெள்ளைத் தட்டில் தடவினான். ஹரிஸா மிளகாய் விழுதின் நிறம் கூட இல்லை, செங்கல் நிறம். முள் கீழே கிடந்தது. வெப்பமானி எண்பத்தைந்து காட்டியது. அறுபத்தெட்டில் நிற்க வேண்டியது. ஹால் முழுக்கக் கருகிய இனிப்பு வாசனை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அவன் இரவெல்லாம் நினைத்துப் பார்த்தாயிற்று. கழுவ இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் வாசலில் நிற்கிற முப்பது டிரெய்லரும் வெயிலிலேயே கஞ்சியாகிவிடும். அதில் அண்ணனுடையதும் ஒன்று. நிறுத்தாவிட்டால் முப்பது கழிவோடு உள்ளே போகும், மேலே அழுகல் பட்டம். எப்படிப் பார்த்தாலும் வெட்டு விழுவது வயலில் நின்றவன் கழுத்தில். ரவூபுக்கு ஒரு கீறலும் இல்லை. 

ஒன்பது மணிக்கு மனூபியா ஹாலுக்குள் ஓடிவந்தாள். தலைத் துணி நழுவித் தோளில் கிடந்தது. பெல்ட்டை விட்டு யாரும் வரக்கூடாது. வந்தால் அரை நாள் கூலி போகும்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்லையே. இதோ, பையிலதான் இருக்கு."

"அங்க எடைமேடையில நின்னுட்டு ரவூப் எல்லார் முன்னாடியும் உங்க அண்ணன்கிட்ட சொல்றான்: 'ஏன்யா சண்டை போடுறே? பழம் அழுகல்னு உன் கூடப் பொறந்தவனே எழுதிக் கொடுத்துட்டான். போய் அவன்கிட்ட கேளு'ங்கிறான். லோடைத் திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டான்.  அண்ணன் தொப்பியைக் கையில பிடிச்சிட்டு அப்படியே நிக்கிறாரு. எல்லாரும் அவரையே பாக்குறாங்க."

திஜானி அவளைப் பார்த்தான். பிறகு திரும்பி, நீராவி வால்வின் சக்கரத்தைப் பிடித்து வலது பக்கமாகச் சுற்றத் தொடங்கினான். பன்னிரண்டு வருஷமாகப் பருவத்தின் நடுவில் திருப்பாத சக்கரம்; முதல் சுற்றுக்கு நகர மறுத்தது. மனூபியா வந்து அவன் கைமேல் தன் கையையும் வைத்துத் தள்ளினாள். நகர்ந்தது.

ஆவியின் இரைச்சல் இறங்கி இறங்கி நின்றபோது ஆலை முழுக்க ஓர் அமைதி பரவியது. வெளியே டிராக்டர்க்காரர்களின் பேச்சு உள்ளே கேட்டது. பம்புகளை நிறுத்தினான். தண்ணீரை வடித்தான். பெரிய ஸ்பானரை எடுத்துக் கண்டென்சர் மூடியின் போல்ட்டுகளில் மாட்டினான்.

அரை மணி நேரத்தில் ரவூப் கத்திக்கொண்டே வந்தார். "யாருய்யா நிறுத்தச் சொன்னது? பைத்தியம் பிடிச்சிருக்கா? கொப்பரைக்குள்ள பத்து டன் சாறு கெடக்கு!"

"கடைசி நாலு போல்ட்டு, ஸி ரவூப். ஓரமா நில்லுங்க, மூடி கனமானது. உங்க சட்டையில பட்டுடும்."

சங்கிலிக் கப்பியில் மூடி ஆடிக்கொண்டே விலகியது. உள்ளே இருநூற்று நாற்பது வாய்கள். வெளிறிய மஞ்சளும் வெள்ளையுமாக ஒவ்வொரு வாயிலும் காரை தடித்து இறுகியிருந்தது. சிலவற்றில் ஈர்க்குச்சி நுழையும் ஓட்டை. சிலவற்றில் அதுவும் இல்லை.

 திஜானி நேராக ஹாலின் பெரிய கதவைத் திறந்து வைத்துக் குரல் கொடுத்தான். "வாங்க! எல்லாரும் உள்ள வாங்க! உங்க பழத்துக்கு என்ன ஆச்சுன்னு வந்து பாருங்க!"

தயங்கித் தயங்கி வந்தார்கள். முன்னால் முன்ஸிஃப், பின்னால் இருபது முப்பது பேர். பல்காசிம் கடைசியில். பெல்ட்டிலிருந்து பெண்களும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"இந்தக் குழாயில ரெண்டு விரல் தாராளமா போகணும்," என்றான் திஜானி. "விட்டுப் பாருங்க."

முன்ஸிஃப் சுண்டு விரலை வைத்தான். போகவில்லை. அடுத்ததில் வைத்தான். "அடப்பாவிகளா! இது குழாயா, சுண்ணாம்புச் சுவரா?"

"கிணத்து உப்பு. ஜூன்ல கழுவலை. கழுவாததாலதான் கொப்பரை சூடேறி உங்க பழத்தைக் கருக்குது. பழத்துல குறை இல்லை. நான் எந்தக் காயிதத்துலயும் கையெழுத்துப் போடலை." பையிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினான். அவன் பெயருக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

கூட்டம் ஒரே சமயத்தில் வாய் திறந்தது. யார் என்ன சொன்னார்கள் என்று பிரிக்க முடியவில்லை. "எங்க மாமனாரு நாலு டன் வாதியில கெடக்குய்யா!" என்றான் முன்ஸிஃப், ரவூபின் முகத்துக்கு நேராக. "ஊரே காறித் துப்புச்சு அந்த மனுஷனை!"

"அமைதி, அமைதி!" ரவூப் இரண்டு கையையும் உயர்த்தினார். "தொழில்நுட்பக் கோளாறு. எந்த ஆலையிலயும் வர்றதுதான். நாம உடனே கண்டுபிடிச்சு நிறுத்தியிருக்கோம். ரெண்டு நாள் பொறுங்க, கழுவிட்டு..."

"ரெண்டு நாள்ல வண்டியிலேர்ந்து சூப்புதான் ஒழுகும்! நீங்க குடிப்பீங்களா?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து மனூபியா கேட்டாள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?"

"நான் சொல்றேன்," என்றான் திஜானி. "முதல்ல எடை போடுங்க. வாசல்ல நிக்கிற எல்லா வண்டியும், ஒரு கிலோ கழிவு இல்லாம, இன்னைக்கே. சீட்டு அவங்க கைக்குப் போகட்டும். அதுக்கப்புறம் அது உங்க பழம். வெயில்ல வச்சுக் காயப்போடுங்க, பக்கத்து ஆலைக்கு அனுப்புங்க, கடல்ல கொட்டுங்க. இதுவரைக்கும் கழிச்சதுக்கும் திருப்பி அனுப்பினதுக்கும் சீட்டு எழுதுங்க."

"நீ புத்தி சொல்ற அளவுக்கு நான்..."

"இல்லேன்னா கழுவ ஆள் தேடிக்குங்க. அமிலம் எவ்வளவு விடணும், எப்போ நிறுத்தணும்னு தெரியாம விட்டா காரையோட குழாயும் கரையும். இந்தக் கரையில அதைச் செய்யற மூணு பேரும் அவங்கவங்க ஆலையில ஓடிக்கிட்டிருக்காங்க. போய்க் கேட்டுப் பாருங்க."

ரவூபின் கைப்பேசி அடித்தது. மணி பத்து. திரையைப் பார்த்தார், எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. டிராக்டர்க்காரர்கள் யாரும் நகரவில்லை. ஹாலின் கதவு, வெளிவாசல், எடைமேடை எல்லாவற்றையும் அவர்கள்தான் அடைத்துக்கொண்டு நின்றார்கள். ரவூப் வெளியே போவதென்றாலும் அவர்கள் வழிவிட வேண்டும்.

"எடை போடச் சொல்லு," என்றார் பக்கத்தில் நின்றவனிடம், வாயைச் சரியாகத் திறக்காமல்.

"கழிவு இல்லாம," என்றான் முன்ஸிஃப்.

"கழிவு இல்லாமதான்யா!"

"வாதியில கெடக்கிறதுக்கும்."

ரவூப் பல்லைக் கடித்தார். "அதோட பழைய எடைச் சீட்டைக் கொண்டு வரச் சொல்லு." பிறகு திஜானியின் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னார்: "கழுவி முடி. ஓட விடு. அன்னைக்கு சாயங்காலம் உன் பொருளை எடுத்துட்டுப் போயிடு. உன் முகத்துல இனி நான் முழிக்கக் கூடாது."

"அமிலத்துக்கு நபேல் டவுனுக்கு வண்டி அனுப்புங்க," என்றான் திஜானி. "இப்பவே."

*

அமிலம் வர மாலை ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று வாய் கொஞ்சமாவது திறந்திருந்த குழாய்களில் கம்பியை விட்டு இடிக்கத் தொடங்கினான். இரண்டு பக்கமும் ஆள் வேண்டிய வேலை. ஒருத்தன் தள்ள, எதிர்ப்பக்கம் ஒருத்தன் இழுக்க வேண்டும். உதவிக்கு இருந்த இரண்டு தொழிலாளர்களையும் ரவூப் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்.

மறுபக்கத்திலிருந்து யாரோ கம்பியின் நுனியைப் பிடித்து இழுத்தார்கள். திஜானி குனிந்து சுற்றிப் பார்த்தான். பல்காசிம். எடைச் சீட்டு தொப்பியின் பட்டையில் செருகியிருந்தது. சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தான்.

"இப்படியா?"

"கொஞ்சம் திருகி இழு அண்ணே. நேரா இழுத்தா சிக்கிக்கும்."

 காரை செதில் செதிலாகப் பெயர்ந்து விழுந்தது. பொடி மூக்கில் ஏறி வாயெல்லாம் உப்புக் கரித்தது. வயலில் பாத்தி கட்டுகிற கை பல்காசிமுக்கு. ஒவ்வொரு குழாயிலும் தேவைக்கு மேல் பலமாக இடித்தான். நாற்பது குழாய் முடிந்தபோது கம்பியைத் தரையில் ஊன்றி நின்றான்.

"முன்ஸிஃபோட மாமனாருக்கு சீட்டு கொடுத்துட்டாங்க," என்றான். "கெழவரு அதை வாங்கினாரு. எல்லார் கையிலயும் கொடுத்துப் படிக்கச் சொன்னாரு. எடையை இல்லை. 'பழம் நல்லது'ன்னு எழுதியிருக்கான்னு பாக்கச் சொன்னாரு."

"எழுதியிருந்துச்சா?"

"எடைச் சீட்டுல எவன்டா அதெல்லாம் எழுதுவான். எழுதியிருக்குன்னு சொல்லிட்டோம்."

திஜானி தலையைத் திருப்பிக்கொண்டான். ஸ்பானரைத் தேடுகிறவன் போல் தரையைத் தடவினான்.

"ஒண்ணு கேக்கணும்," என்றான் பல்காசிம். "உனக்கு எப்போ தெரியும்?"

"எது?"

"இது. காரை. நேத்து உன் வீட்டுல உக்காந்து நான் தின்னுட்டிருந்தப்போ தெரியுமா?"

"தெரியும்."

"கெழவரு வாதியில கொட்டினப்போ?"

"தெரியும் அண்ணே."  "ஒன்பது நாளாத் தெரியும். நிறுத்த மனசு வரலை. புதுக் கிணத்தைத் திறந்து விட்டு நானும் கெடுத்தேன்."

 குழாய் ஒன்றின் வழியாக அண்ணனின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது இமைக்கவில்லை.

"ஒன்பது நாள்," என்றான் பல்காசிம். "நல்லாக் கேட்டுக்க. இன்னைலேர்ந்து ஒன்பது நாள் என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. நான் திட்டினாலும் பதில் சொல்லக் கூடாது. வயல்ல பறிப்பு நடக்குது, உனக்கும் இங்க வேலை போச்சாம். கழுவி முடிச்ச மறுநாள் காலையில வந்து எனக்குப் பக்கத்து வரிசையில குனிஞ்சு பறி. வாயைத் திறந்தே, கூடையால அடிப்பேன். பத்தாம் நாள் மனூபியாவைக் கூட்டிட்டு வீட்டுக்குச் சாப்பிட வா. அன்னைக்குப் பேசலாம்."

"அண்ணே..."

"ஆரம்பிச்சாச்சுன்னேன்!"

கம்பி அடுத்த குழாயின் வாயில் வந்து டங்கென்று முட்டியது. திஜானி அதன் நுனியைப் பிடித்து, திருகி, தன் பக்கம் இழுத்தான்.